முடியாத மருந்து: உரையாசிரியரும் புதுமைப்பித்தனும் புத்தளக் கரையும்

நோயைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகுதி. அவற்றுட் பெரும்பாலானவை நோய் தீர்ந்ததைப் பற்றியன. அன்றேல் தீராது மாண்டதைப் பற்றியன. தீரவும் செய்யாது, கொல்லவும் செய்யாது, நாள்தோறும் ஒரு குளிசையை மட்டும் கேட்டுக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஒருவரோடு கூடி வாழும் நோயை நமது இலக்கிய ஆய்வு பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நீரிழிவும் தைரொயிட்டுச் சுரப்புக் குறைவும் இவ்வகையின. உடல் தானே சுரக்க வேண்டிய ஓமோனைச் சுரக்காதபோது, அதனை வெளியிலிருந்து பெற்றே வாழவேண்டியவர்கள் இன்று நம்மிடையே எண்ணற்றோர். அவர்களது வாழ்வை நமது இலக்கியமும் திறனாய்வும் எவ்வாறு நோக்கியுள்ளன, ஏன் நோக்கத் தவறின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக் கட்டுரையில் எழுதுவோர் தம்மைப் பற்றிக் கூறுதல் மரபன்று. எனினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. நாமும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் குளிசையை விழுங்கி, தேநீருக்காக அரைமணி நேரமேனும் காத்திருப்போருள் ஒருவர். எமது பிறந்தகம் கற்பிட்டிப் பக்கம். விடுமுறைக்கு ஊர் செல்லுந்தோறும் அயலார் பரிவோடு கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “மருந்து இன்னும் முடியல்லையா?” இக்கேள்வியில் ஒரு கருத்துலகம் அடங்கியுள்ளது. மருந்தென்பது தொடங்கி முடிவது. பத்தியம் என்பது காத்து முறிப்பது. மருத்துவன் என்பவன் நோயைத் தீர்ப்பவன். முடியாத மருந்துக்கு நம் வழக்கில் இடமில்லை. ஆகவே மருந்து முடியாதவர் அயலார் கண்ணுக்கு இன்னும் நோயாளியே. அவர் வகுப்பெடுக்கலாம், பிள்ளை பெறலாம், கரைவலை இழுக்கலாம்; நோயாளி என்ற பெயர் மட்டும் நீங்குவதில்லை.

இக்கருத்துலகின் தொன்மையான சான்றுகளுள் ஒன்று திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். மருந்து எனப் பெயரிய அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு உண்ணும் அளவைப் பற்றியன. உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்டு வாழ்பவனுக்கு மருந்தே தேவைப்படாது என்ற கருத்து அங்கு அழுத்தம் பெறுகின்றது. இது உழைத்துண்ணும் சமூகத்தின் அனுபவ அறிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அளவோடு உண்பவன் நோயுறான் எனின், நோயுற்றவன் அளவு தவறியவன் என்பது பெறப்படும். நோய் அறத்தின்பாற்பட்ட குற்றமாகிவிடுகின்றது. இன்றும் கிளினிக்கில் வரிசையில் நிற்கும் நீரிழிவாளரை நோக்கி வீசப்படும் முதல் வார்த்தை இதுவே: இனிப்பைத் தின்றாய், ஆகவே வந்தாய். பத்து வயதில் சதையி இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்ட பிள்ளையின் தாயும் இதனைக் கேட்க நேர்கின்றது. அப்பிள்ளை எந்த அளவைத் தவறியது?

அதிகாரத்தின் இறுதிக் குறள் வேறுபட்டது. மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து ஏவல் செய்பவன் ஆகிய நால்வகையால் ஆனது என அது வகுக்கின்றது. மருத்துவத்தை மருத்துவனின் தனித்திறனாகக் கொள்ளாது, பலர் கூடிச் செய்யும் வினையாகக் கண்டமை இதன் சிறப்பு. பரிமேலழகர் இந்நான்கனையும் மேலும் நந்நான்காக விரிக்கின்றார். நமது கவனத்தை ஈர்ப்பன அவ்விரிவின் இரு கூறுகள். நோயுற்றவனுக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக அவன் பொருளுடையவனாய் இருத்தல் கூறப்படுகின்றது. மருந்துக்குரிய தகுதிகளுள் ஒன்றாக அது எளிதிற் கிடைப்பதாய் இருத்தல் கூறப்படுகின்றது.

முன்னைய கூறு குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருளற்றவன் நோயுறத் தகுதியற்றவன் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன உரையாசிரியருக்கு நாம் நன்றியுடையோம். தனியார் மருத்துவமனைகள் இதனைச் சொல்வதில்லை, செய்கின்றன. பின்னைய கூறே சிக்கலானது. எளிதிற் கிடைத்தல் என்பது சுவை போல, வீரியம் போல, மருந்தினுள் உறையும் குணம் ஒன்றா? பச்சிலையைப் பொறுத்தவரை அவ்வாறு தோன்றுதல் இயல்பு. வேலியோரம் முளைப்பது எளிதிற் கிடைப்பது. மலையில் முளைப்பது அரிதிற் கிடைப்பது. ஆனால் அங்கேயும் வேலி யாருடையது என்ற கேள்வி உண்டு. குளிசைக்கு வரும்போது அத்தோற்றம் முற்றாகக் கலைந்துவிடுகின்றது. ஒரே தைரொக்சின், ஒரே நுண்கிராம் அளவு, ஓராண்டில் எளிதிற் கிடைக்கின்றது, மற்றோராண்டில் கிடைப்பதில்லை. மருந்து மாறவில்லை, மனிதர்க்கிடையிலான உறவே மாறியது. சமூக உறவு பொருளின் குணமாக வேடமிட்டுத் தோன்றுவதை மார்க்ஸ் சரக்கின் மாயம் என விளக்கினார். உரையாசிரியரைச் சரக்கு உற்பத்திச் சமூகத்தவராக நாம் ஆக்கவில்லை. அவர் குணமாகக் கண்டதை நாமும் குணமாகவே காண்பதுதான் நமது குறை.

இதனைத் தெளிவுறுத்துவதற்குப் புத்தளக் கரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பாலாவியிலிருந்து புத்தளம் நகரை நோக்கிச் செல்லும் வழியில் உப்பளப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. களப்பு நீர் பாத்தி பாத்தியாகச் செறிவேறி, முதலில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, பின்னர் உப்பு விளைந்து, எஞ்சும் கசப்பு நீர் வடிக்கப்படுகின்றது. பிரித்தானியர் காலத்தில் இவ்வுப்பு அரசின் ஏகபோகமாயிருந்தது. தன் கரையில் விளைந்ததைத் தானே அள்ளுதல் குற்றமாயிருந்த காலம் அது. கடலிலிருந்து வருவதால் இவ்வுப்பில் அயடீன் நிறைந்திருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வெயிலிற் காய்ந்து விளையும் கடலுப்பில் அயடீன் மிகச் சொற்பமே எஞ்சுகின்றது. ஈரலிப்பான வெப்பநாடுகளில் நிலைத்து நிற்கக்கூடிய பொட்டாசியம் அயடேற்றை மனிதக் கை சேர்த்த பின்னரே அது தொண்டைக் கழலையைத் தடுக்கும் உப்பாகின்றது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலம் கழலை மிகுந்த பகுதியாக அறியப்பட்டது. 1995 ஆம் ஆண்டு முதல் மனித நுகர்வுக்கான உப்பனைத்தும் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் எனச் சட்டமாயிற்று. மலைநாட்டுத் தோட்டப் பெண்ணின் கழுத்தும் புத்தளத்து உப்பளத் தொழிலாளியின் கையும் இவ்வாறு இணைந்தன. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. அயடீன் சேர்ந்ததால் தைரொயிட்டு நோய் ஒழிந்தது என்று எண்ணிவிடலாகாது. உடலின் தற்காப்பே சுரப்பியைத் தாக்கும் வகை நோய் அயடீனால் தீர்வதன்று. பெண்களிடையே அது மிகுதி. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இலங்கைப் பள்ளி மாணவியரிடம் தைரொயிட்டுக்கு எதிரான உடலெதிரிகள் மிகுந்து காணப்பட்டதை எடுத்துக்காட்டி, அயடீன் இதற்குக் காரணமாகலாமா என வினவியது. அயடீன் திட்டம் தவறென்பது இதன் பொருளன்று. கழலையால் விளைந்த கேடு அதனினும் பன்மடங்கு பெரியது. ஒரு முரண் தீருமிடத்தில் மற்றொன்று தோன்றுதல் சமூகத் துறையில் மட்டும் நிகழ்வதன்று என்பதைக் குறிக்கவே இதனைச் சொன்னோம்.

குளிசையின் வரலாறும் இதே பாடத்தைத் தருகின்றது. 1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மரே என்ற மருத்துவர், தைரொயிட்டுக் குறைவால் வீங்கித் தளர்ந்திருந்த நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிவழி ஏற்றினார். அப்பெண் மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1919 இல் மறைந்தார். அதற்குள் அவர் உட்கொண்ட சாறு 870 இற்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகளிலிருந்து எடுக்கப்பட்டது. மருத்துவ வரலாற்று நூல்கள் மரேயைப் போற்றுகின்றன, அது முறையே. ஆனால் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆடு வளர்த்தவரும், அறுத்தவரும், சுரப்பியைப் பிரித்தெடுத்தவரும், சாறு வடித்தவரும் அப்பெண்ணின் உயிரில் பங்காளிகள் அல்லரோ? 1914 இல் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். 1920களின் பிற்பகுதியில் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. ஆடுகள் மறைந்தன, அவற்றின் இடத்தில் ஆலைத் தொழிலாளர் வந்தனர். குறளின் நால்வகையுள் இவர்கள் எவரும் இல்லை. நோயுற்றவனுக்கு அருகில் நிற்பவன் வகுப்பில் உள்ளான். தொலைவில் நிற்பவன் இல்லை. நவீன மருந்தோ தொலைவில் நிற்பவர்களால் ஆனது.

நவீன இலக்கியத்திற்கு வருவோம். நீண்ட நோயின் அன்றாடத்தைத் தமிழில் எழுதிய படைப்புகளுள் தலையாயது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ என்பது எமது துணிபு. 1943 இல் வெளிவந்த இக்கதையில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்த பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடைச் சிப்பந்தி. சம்பளம் வாழ்வுக்குப் போதாது. வாடகைக்கு அஞ்சி நகரின் ஓரத்தில் குடியிருப்பு. வீட்டில் நோயுற்ற மனைவி. கடைக்குப் போகுமுன் சமைப்பதும், இருளில் நடந்து திரும்புவதும், திரும்பியபின் மீண்டும் அடுப்பு மூட்டுவதும் கதையின் உடல். குறள் வகுத்த நால்வகையுள் அருகிருந்து ஏவல் செய்பவன் முழு மனிதனாகத் தமிழ்ப் புனைகதையில் தோன்றியது இங்குதான். அவன் கணவன் என்பதும் குறிப்பிடத்தக்கது. பணிவிடை பெண்ணின் கடன் என்று கொண்ட சமூகத்தில் ஆணொருவன் அதனைச் செய்கின்றான். கதையாசிரியர் அவனைப் புகழ்வதுமில்லை, இரங்குவதுமில்லை. புதுமைப்பித்தனை நம்பிக்கை வறட்சியாளர் என்று ஒதுக்கிய முற்போக்குத் திறனாய்வாளர் சிலர் இக்கதையை மீண்டும் வாசித்தல் நன்று. கூலி, வாடகை, தொலைவு ஆகிய மூன்றும் ஒரு பெண்ணின் உடலில் எவ்வாறு நோயாக முடிகின்றன என்பதை இத்துணைச் செட்டாகக் காட்டிய முற்போக்குக் கதை எமது நினைவுக்கு வரவில்லை.

எனினும் ஒன்றைக் கூறவேண்டும். ‘செல்லம்மாள்’ மரணத்திலிருந்து தொடங்குகின்றது. அவள் மூச்சு அடங்கிய இரவில் நின்றுகொண்டு, நடந்தவற்றைக் கதை பின்னோக்கிக் காண்கின்றது. அன்றாடத்திற்குப் பொருள் தருவதற்கு மரணம் தேவைப்படுகின்றது. செல்லம்மாள் இறவாது, மறுநாளும் மருந்துண்டு, அதற்கு மறுநாளும் உண்டு, இருபதாண்டுகள் வாழ்ந்திருந்தால் அது கதையாகியிருக்குமா? புதுமைப்பித்தனின் குறையாக இதனைக் கூறவில்லை. 1948 இல் காசநோயால் மாண்ட அவரது காலத்தில் நீண்டநோயின் முடிவு பெரும்பாலும் அதுவே. நமது காலம் அதுவன்று. நமது கதை வடிவமோ இன்னும் அங்கேயே நிற்கின்றது.

முற்போக்கு இலக்கியத்தின் நிலை வேறொரு வகையில் இதனை ஒத்தது. சுரண்டல், விழிப்பு, போராட்டம், வெற்றி என்ற அதன் படிமுறை நோய், நாடி பிடித்தல், சிகிச்சை, குணமடைதல் என்ற படிமுறையின் மறுவடிவமே. சமூகம் நோயாளி, கட்சி மருத்துவன். நோயை உருவகமாக்குதலின் கேட்டை சூசன் சொன்ராக் 1978 இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். அவரது வர்க்க நோக்கில் நமக்கு உடன்பாடின்மை உண்டெனினும் கேள்வி சரியானது. உழைக்கும் உடல் என நாம் எழுதியபோதெல்லாம் வலிய உடலையே எழுதினோம். உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை நாட்டாரியலாளர் போற்றுகின்றனர். அதன் தாளம் பலர் சேர்ந்து இழுக்கும் தாளம். தைரொயிட்டுக் குறைந்து கைகால் ஓய்ந்து, குளிர் தாங்காது, பகலில் உறங்கி விழும் ஒருவர் அவ்வரிசையில் எங்கு நிற்பார்? சோம்பேறி என்ற பெயர் அவருக்கு விரைவில் வந்து சேரும். அப்பெயரைத் தருவது முதலாளி மட்டுமன்று.

இதனைவிடப் பெரிய தவறும் உண்டு. 1971 ஆம் ஆண்டில் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயும் கம்யூனிஸ்ட் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் நாட்டின் மருந்து இறக்குமதி பற்றிய அறிக்கையைத் தயாரித்தனர். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் முதல் தலைவரானார். ஏறத்தாழ 2100 ஆக இருந்த மருந்து வகைகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களின் இடத்தில் மருந்தின் இயற்பெயர் வந்தது. கேள்விப்பத்திரம் மூலம் மலிவான இடத்தில் வாங்கப்பட்டது. பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் இதனை எதிர்த்தன. வல்லரசின் தூதரகமும் தலையிட்டது. பிபிலே 1977 இல் ஐக்கிய நாடுகள் பணிக்காகச் சென்றிருந்த கயானாவில் மறைந்தார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில் இலங்கை திறந்த பொருளாதாரத்தை வரித்துக்கொண்டது. எளிதிற் கிடைத்தல் மருந்தின் குணமன்று, அது போராடிப் பெறும் உறவு என்பதை ஓர் அரச நிறுவனம் செயலில் நிறுவிக் காட்டிய ஆண்டுகள் அவை. அக்கால முற்போக்கு இலக்கிய விவாதங்களை மீள வாசிக்கையில் தேசிய இலக்கியம், மண்வாசனை, உருவமும் உள்ளடக்கமும் என்பனவற்றைக் காண்கின்றோம். மருந்துக்காக நடந்த வர்க்கப் போராட்டம் கதைப்பொருளானதாக எமக்குத் தென்படவில்லை. எமது வாசிப்பின் போதாமையாகவும் இருக்கலாம்.

1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இக்கரைக்கே. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. வீடும் கிணறும் நகையும் உறுதிப் பத்திரமும் இழந்தது பற்றி எழுதப்பட்டுள்ளது, எழுதப்பட வேண்டியதே. இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் அன்று எதனைக் கையில் எடுத்தார்? எடுத்ததை எங்கே குளிர்மையாக வைத்தார்? கிடுகுக் கொட்டிலில் குளிர்சாதனப் பெட்டி ஏது? மட்பானையில் நீரூற்றி அதனுள் மருந்துக் குப்பியை வைக்கும் முறை வெப்பநாட்டு வறியவர் அறிந்ததே. அம்மட்பானை நமது அகதி இலக்கியத்தில் இடம்பெறத் தகாத பொருளா?

2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. மருந்துகளிற் பெரும்பகுதி இறக்குமதியாகும் நாட்டில் அதன் பொருள் என்னவென்பது மருந்துக்கடை அலுமாரிகளில் தெரிந்தது. அம்மாதங்களில் நாம் ஊரில் இருந்தோம். எமக்குரிய ஐம்பது நுண்கிராம் குளிசை மூன்று கடைகளில் இல்லை. நான்காவது கடை வாயிலில், அதே நோய்க்கு மருந்தெடுக்கும் முதிய தாய் ஒருவர் தம் பையிலிருந்து ஒரு காட் குளிசையை எடுத்து நீட்டினார். “மகள், அம்பது இல்ல, நூறு இருக்கு. ரெண்டா ஒடச்சிப் போடுங்க. கெடச்சா தாங்க.” பணம் கொடுக்க முற்பட்டபோது அவர் வாங்கவில்லை. பணம் அன்று அவருக்குப் பயன்படாது, குளிசையே பயன்படும். இரண்டு மாதங்களின் பின் ஒரு காட் குளிசையைத் திருப்பிக் கொடுத்தோம். கைமாற்று என்ற பழஞ்சொல் இவ்வாறு மருந்துக்கும் வந்தது. நோன்பு மாதத்தில் இக்குளிசையை எப்போது போடுவது, சஹருக்கு முன்னரா, இரவு உறங்கப் போகும்போதா என்பதையும் அவரே விளக்கினார்; மருத்துவரிடம் கேட்டறிந்து அயலில் நான்கு பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவராம்.

இதனை மக்களின் இயல்பான பொதுவுடைமை என்று கொண்டாடும் எண்ணம் எமக்கில்லை. கொடுக்க ஆளற்றவர்களுக்குக் கைமாற்றும் இல்லை. தைரொக்சின் உடலிலிருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகவே ஒரு வாரம் குளிசை தவறினாலும் உடல் பொறுக்கின்றது, அதன் பின்னரே முகம் வீங்கத் தொடங்குகின்றது. இன்சுலினுக்கு அவ்வாறான தவணை கிடையாது. கடன் பொறுக்கும் நோயும் பொறுக்காத நோயும் உண்டு.

மருந்தில் தங்கி வாழ்தல் என்பதைக் கூறுகையில் நமது எழுத்தாளர் ‘அடிமை’ என்ற சொல்லை எளிதிற் கையாளுகின்றனர். இச்சொல்லாட்சி ஆராயத்தக்கது. எவரையும் சாராத தனிமனிதன் என்பவன் முதலாளியக் கற்பனையின் படைப்பு; ரொபின்சன் குரூசோவை முன்வைத்துப் பொருளியல் பேசியோரை மார்க்ஸ் எள்ளியது இதனாலன்றோ? உப்பின்றி எவரும் உண்பதில்லை. உப்பளத் தொழிலாளியில் தங்கியிருப்பதை எவரும் அடிமைத்தனம் என்பதில்லை. 2024 இறுதியிலும் 2025 இலும் பருவம் தப்பிய மழையால் உப்பு விளைச்சல் குன்றி, கடல் சூழ்ந்த இத்தீவு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. அப்போது நாடனைத்தும் சில கிழமைகள் நோயாளியின் நிலையில் நின்றது: இன்றைய அளவு இருக்கின்றது, நாளையது வருமா? நாள்மருந்தில் வாழ்பவர் இக்கேள்வியோடுதான் ஒவ்வொரு மாதமும் கடைவாயிலில் நிற்கின்றார். அவர் தங்கியிருப்பது குளிசையிலன்று. அதனை ஆக்குவோர், ஏற்றுவோர், வாங்குவோர், தடுப்போர் ஆகியோரது உறவில்.

இவ்வுறவைப் பதிவு செய்யும் பனுவல் ஒன்று ஏற்கனவே உள்ளது. இலக்கியமாக எவரும் அதனைக் கருதுவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளியின் கையிலும் உள்ள கிளினிக் கொப்பியே அது. மார்க்ஸ் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் அறிக்கைகளைக் கொண்டும் மருத்துவர் வாக்குமூலங்களைக் கொண்டும் கட்டியெழுப்பினார். நமக்கு இக்கொப்பிகள் உள்ளன. திகதி, நிறை, குருதிச் சோதனைப் பெறுபேறு, மருந்தின் அளவு, அடுத்த வரவு. கொப்பி நிறைந்ததும் புதியது தைக்கப்படுகின்றது. பழையது பெரும்பாலும் அடுப்புக்குப் போகின்றது. எமது பழைய கொப்பி ஒன்று தப்பியுள்ளது. 2022 ஆம் ஆண்டுப் பக்கங்களில் மூன்று மாதங்கள் தொடர்ந்து மருந்தின் பெயருக்கு எதிரே ஒரே குறிப்பு சிவப்பு மையில் காணப்படுகின்றது: இல்லை, வெளியில் வாங்கவும். நான்காம் மாதத்தில் எழுதியவர் கை மாறியிருக்கின்றது. அங்கு மையும் நீலம். சொல்லும் சுருங்கி, இல்லை என்பதோடு நிற்கின்றது.